பூனைக்குட்டியா, குரங்குக்குட்டியா?

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பழகியவர்களுக்குத் தென்கலை, வடகலை என்றதும் நாமம்தான் ஞாபகத்துக்கு வரும். பாதம் வைத்த நாமமா, வைக்காத நாமமா என்று கோர்ட் வரைக்கும் போன சண்டை. அதற்குள்ளே இருக்கிற கேள்வி நாமத்தைவிடப் பெரியது. தாய்க்குரங்கு மரத்துக்கு மரம் தாவும்போது குட்டிதான் தாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டிக்கு அந்த வேலை இல்லை. தாயே வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். மோட்சத்துக்குப் போகிறவன் குரங்குக்குட்டி என்பது வடகலை. பூனைக்குட்டி என்பது தென்கலை. வேதாந்த தேசிகர் ஒரு பக்கம், பிள்ளை லோகாசாரியாரும் மணவாள மாமுனிகளும் இன்னொரு பக்கம். வடகலையாரும் கிருபைதான் பிரதானம் என்பார்கள். அதற்கு நம் பக்கமிருந்து ஒரு சின்னச் சாக்காவது வேண்டும் என்பதுதான் அவர்கள் கட்சி.

இதே வழக்கு கிறிஸ்தவர்களிடமும் உண்டு என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. தமிழ் பைபிளில் ‘தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்’ என்று வரும். ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்’ என்று அர்த்தம். கடவுள் யாரைத் தெரிந்துகொண்டாரோ அவர்கள்தான் ரட்சிக்கப்படுவார்களா? அல்லது கூப்பிட்டது எல்லாரையும்தான், வருவதும் வராததும் மனுஷன் இஷ்டமா? முதல் கட்சிக்குக் கால்வின் பேர் நிலைத்தது. இரண்டாவதற்கு ஆர்மீனியஸ் என்ற டச்சுக்காரர். மனுஷன் தன்னைத்தானே ரட்சித்துக்கொள்வான் என்று ஆர்மீனியஸ் சொன்னதாகச் சிலர் எழுதுகிறார்கள். அது தப்பு. கிருபைதான் முதலில் வருகிறது, ஆனால் அதை மனுஷன் தட்டிவிட முடியும் என்றுதான் அவர் சொன்னார். ஏறக்குறைய நம் வடகலை.

1618-19இல் ஹாலந்தில் டார்ட் என்ற ஊரில் மாநாடு கூட்டி, ஆர்மீனியஸ் கட்சி தப்பு என்று தீர்ப்பெழுதினார்கள். அரசியலும் சேர்ந்துகொண்டது. அந்தக் கட்சியை ஆதரித்த ஓல்டன்பார்னவெல்ட் என்ற பெரியவரை 71 வயதில் தலையை வெட்டினார்கள். சிறையில் போட்ட குரோஷியஸ் என்ற சட்ட மேதை 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பித்தார். நாமச் சண்டையே தேவலை என்று தோன்றுகிறது.

இது படித்தவர்கள் உட்கார்ந்து பேசுகிற விஷயம், நமக்கென்ன என்று நான் நினைக்கவில்லை. ஏழாயிரம்பண்ணையைச் சுற்றிப் பட்டாசு ஆபீஸ்கள். விபத்து நடந்த வீடுகளுக்குத் துக்கம் கேட்கப் போகாதவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் இல்லை. டீ குடிக்க வெளியே வந்தவன் பிழைத்திருப்பான். “ஆண்டவர் காப்பாத்திட்டாரு” என்று அவன் வீட்டில் சொல்வார்கள், உண்மையான நன்றியோடு. நாலு வீடு தள்ளிப் பந்தல் போட்டிருக்கும். “அப்போ எம் பிள்ளைய மட்டும் ஏன்யா விட்டுட்டாரு?” என்று ஒரு தாய் கேட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். உயிர் பிழைப்பது வேறு, ஆத்தும ரட்சிப்பு வேறு என்று பைபிள் காலேஜில் பிரித்துச் சொல்வார்கள். பந்தலில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அந்தப் பிரிவினை கிடையாது.

கால்வினே, கடவுளின் இந்தத் தீர்மானம் நடுங்க வைப்பது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தத் தாய் கேட்டதைப் போன்ற கேள்வியைத்தான் ஜான் வெஸ்லி 1739இல் பிரசங்கமாகச் செய்தார்: சிலரை மட்டும் தெரிந்துகொண்டு மற்றவர்களை விட்டுவிடுகிறவரை அன்புள்ளவர் என்று எப்படிச் சொல்வது? அவருடைய சிநேகிதர் விட்ஃபீல்டு கால்வின் கட்சி. பதில் எழுதினார், இருவரும் பிரிந்தார்கள். ஆனாலும் 1770இல் விட்ஃபீல்டு இறந்தபோது அவருக்காக இரங்கல் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

நம் நாட்டுக்கு இதில் பெரிய சம்பந்தம் உண்டு. தெரிந்துகொள்ளப்பட்டவர்களைக் கடவுளே கொண்டுவந்து சேர்ப்பார், நாம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை என்று அன்றைக்கு இங்கிலாந்துப் பாப்டிஸ்டுகளில் சிலர் இருந்தார்கள். பூனைக்குட்டிக் கட்சியின் கடைக்கோடி. செருப்புத் தைக்கும் தொழில் செய்த வில்லியம் கேரி 1792இல் புத்தகம் எழுதி, முயற்சி எடுப்பது நம் கடமை என்று வாதாடினார். அவரும் கால்வின் வழிக்காரர்தான். அடுத்த வருஷம் வங்காளம் வந்துவிட்டார். அந்த வாதம் தோற்றிருந்தால், பின்னால் வந்த மிஷன் பள்ளிக்கூடங்களில் எத்தனை வந்திருக்குமோ!

சிவகாசிக்கு வந்தவர் ராக்லாண்ட். கேம்பிரிட்ஜில் 1841 கணிதப் பரீட்சையில் நான்காவதாகத் தேறியவர். சி.எம்.எஸ். மிஷனில் சென்னைச் செயலாளராக இருந்தவர், 1854இல் ஃபென், மெடோஸ் என்ற இருவரோடு அன்றைய திருநெல்வேலி ஜில்லாவின் வடபகுதிக்கு, அதாவது நம் கரிசல் காட்டுக்கு, கூடாரத்தோடு வந்தார். ஊர் ஊராகப் போவது, பேசுவது, கூடாரத்தைப் பெயர்ப்பது. ஏற்கெனவே நுரையீரல் நோயாளி. அன்றைக்கு ஆங்கிலிகன் குருமார் கையெழுத்துப் போட்ட 39 பிரமாணங்களில் 17ஆவது முன்குறித்தலைப் பற்றியது. வாழ்வுக்குத் தெரிந்துகொள்ளப்படுவதை அது விரிவாகப் பேசும்; அழிவுக்கு முன்குறிக்கப்பட்டவர்கள் உண்டா என்பதில் வாய் திறக்காது. அதில் கையெழுத்துப் போட்டவர், யார் தெரிந்துகொள்ளப்பட்டவர் என்று பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. எல்லா ஊருக்கும் போனார். 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே ரத்தம் கக்கி இறந்தார். வயது 43.

அதே 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர் ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. நெல்லைச் சீமையில் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர், சாயர்புரத்தில் தமிழாசிரியர். 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ வெளிவந்தது, 3,700க்கும் மேற்பட்ட விருத்தங்கள். மூலம் ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம். பனியன் கால்வின் வழிக்காரர். கிருஷ்ணபிள்ளையோ சரணாகதியையும் ஆழ்வார்களையும் தாய்ப்பாலோடு குடித்தவர். அந்தக் காவியத்தில் கிருபை என்ற சொல் வரும் இடங்களில் ஜெனீவாவும் ஸ்ரீரங்கமும் ஒன்றாகக் கேட்கின்றன என்பது என் காதின் தீர்ப்பு. தமிழறிந்தவர்கள் படித்துவிட்டு மறுக்கட்டும். ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் வைணவக் கிருபையையும் கிறிஸ்தவக் கிருபையையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். கிருஷ்ணபிள்ளைக்கு அந்த ஒப்பீடு தேவைப்பட்டிருக்காது.

வெஸ்லி வழி மெதடிஸ்டுகள் 1817இல் சென்னைக்கு வந்தார்கள். கால்வின் பரம்பரையைச் சேர்ந்த அமெரிக்கன் மிஷன் 1834இல் மதுரைக்கு வந்து, அருப்புக்கோட்டை, மண்டபசாலை வரை பரவியது. சாத்தூர், சிவகாசி சி.எம்.எஸ். வசம். ஐரோப்பாவில் இந்த வழிக்காரர்கள் ஒருவரை ஒருவர் எப்படி நடத்தினார்கள் என்று மேலே சொன்னேன். இங்கே 1919இல் தரங்கம்பாடியில் கூடி ஒரே சபையாவோம் என்று பேச ஆரம்பித்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த பிஷப் அசரியா. 28 வருஷம் இழுத்தது. பெரிய முட்டுக்கட்டை தெரிந்துகொள்ளுதல் அல்ல. பிஷப் வேண்டுமா வேண்டாமா, அவர் கைவைக்காத பழைய குருமார் செல்லுவார்களா என்பதுதான். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அன்றிலிருந்து குரங்குக்குட்டிக்காரர்களும் பூனைக்குட்டிக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பாடுகிறார்கள்.