சிங்கப்பூர் நேரம்

சிங்கப்பூர் நேரம் என்பது சிங்கப்பூர்க் குடியரசின் அதிகாரபூர்வ நேரம். கிரீன்விச் நேரத்தைவிட 8 மணி நேரம் முந்தியது. 1982 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. ஊரிலிருந்து வந்து சிராங்கூன் சாலைப் பக்கம் தங்கி வேலைக்குக் கிளம்பும் புதியவர் இதைப் பற்றி முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்: "மணி ஏழாகப் போகுதுண்ணே, இன்னும் விடியலையே?" அந்த வட்டாரமான தேக்காவில் இதற்குத் தயாராகக் கிடைக்கும் பதில், "இது பூமத்திய ரேகை, இங்க அப்படித்தான்" என்பது. அது தவறு. பூமத்திய ரேகைக்கு அருகே பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும், அவ்வளவுதான். விடிவது தாமதமாவதற்கு ரேகை பொறுப்பல்ல. சரியான பதிலில் பாதி வானத்தில் இருக்கிறது, மீதி அரசாங்கக் கோப்புகளில்.

வானத்துப் பாதி எளிது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 103 பாகை 51 கலையில் இருப்பதால், சூரியனை நம்பி வைத்த கடிகாரம் இங்கே கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம் 25 விநாடிதான் முந்தும். 8 மணி நேரம் என்பதோ மணிலாவுக்குச் சற்று மேற்கே செல்லும் 120 பாகைக் கோட்டுக்கு உரியது. இடைவெளி சுமார் 65 நிமிடம். ஆகவே இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 1.05-க்கு வருகிறது. சென்னையிலிருந்து வருபவருக்கு இது கூடுதலாக உறைக்கக் காரணம் உண்டு. கடிகாரப்படி இரண்டு ஊருக்கும் 150 நிமிட வித்தியாசம். சூரியன் கணக்கில் 94 நிமிடம்தான். மிச்சமுள்ள 56 நிமிடத்தைத்தான் அவர் இருட்டில் பல் துலக்கும்போது உணர்கிறார்.

விடியும் நேரமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நவம்பர் தொடக்கத்தில் 6.46 வாக்கில் உதிக்கும் சூரியன் பிப்ரவரி நடுவில் 7.16 வரை தள்ளிப்போகிறது. பகலின் நீளம் ஆண்டு முழுதும் பத்து நிமிடம்கூட மாறாத ஊரில் உதயம் மட்டும் அரை மணி நேரம் ஆடுவது விசித்திரமாகத் தோன்றலாம். பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை இது.

கோப்புகளின் கதை நீளமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூர் தன் சொந்தச் சூரிய நேரத்திலேயே ஓடியது. துறைமுக ஊருக்கு நேரம் அலங்காரம் அல்ல. நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்பதை அதன் கடிகாரத்தை வைத்தே கணித்தார்கள். 4 விநாடி பிசகினால் பூமத்திய ரேகைப் பகுதியில் ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர் பிசகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேன்னிங் கோட்டைக் குன்றின் மேல் நேரப் பந்து ஒன்று இருந்தது. கம்பத்தின் உச்சிக்கு ஏற்றப்படும் பந்து பகல் சரியாக 1 மணிக்குக் கீழே விழும். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும்.

1901-ல் மலாயாத் தீபகற்பமும் சிங்கப்பூரின் சூரிய நேரத்தை ஏற்றது. 1905 ஜூன் 1 அன்று 105 பாகைக் கோட்டின் நேரம், அதாவது கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முந்திய நேரம், நடைமுறைக்கு வந்தது. கடிகாரம் சூரியனோடு ஏறக்குறைய ஒத்துப்போன கடைசிக் காலம் அதுதான்.

1920-ல் ஆளுநர் லாரன்ஸ் கில்மார்ட் கடிகாரத்தை 30 நிமிடம் முன்னே தள்ள யோசனை சொன்னார், எடுபடவில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஆர்னல்ட் ராபின்சன் அதையே விடாமல் பிடித்துக்கொண்டு, 1933 ஜனவரி 1 முதல் 20 நிமிடத்தைப் பெற்றுவிட்டார். அலுவலகம் முடிந்தபின் விளையாட்டுத் திடலில் வெளிச்சம் வேண்டும் என்பதே வாதத்தின் சாரம். குளிர் நாடுகளில் கோடைக்குத் தள்ளிய கடிகாரத்தைப் பிறகு திருப்பி வைப்பார்கள். கோடையே தனியாக இல்லாத சிங்கப்பூரில் தள்ளியது தள்ளியதுதான். திடலுக்குப் போக நேரமில்லாத கூலிக்காரருக்கு இதனால் கிடைத்தது, 20 நிமிடம் முன்னதாக எழும் பாக்கியம் மட்டுமே. 1941 செப்டம்பர் 1 அன்று இன்னும் 10 நிமிடம் கூடி, கிரீன்விச்சைவிட முந்தும் நேரம் ஏழரை மணியானது.

அடுத்த மாற்றத்தை யாரும் கேட்கவில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். மறுநாளே சிங்கப்பூரின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு, ஒன்றரை மணி நேரம் முன்னே போயின. அந்தக் கணக்கில் பிப்ரவரிச் சூரியன் காலை 8.15-ஐத் தாண்டித்தான் உதித்தது. 1943 ஜூலையில் பாடாங் திடலில் சுபாஷ் சந்திர போஸின் பேச்சைக் கேட்கத் திரண்ட தமிழர்களும் தோக்கியோ நேரத்தில்தான் வாழ்ந்தார்கள். 1945 செப்டம்பரில் ஜப்பான் சரணடைந்ததும் பழைய ஏழரை திரும்பியது.

1965-ல் மலேசியாவை விட்டுப் பிரிந்த பிறகும் சிங்கப்பூர் அதே ஏழரையில் இருந்தது. மலேசியாவுக்குள்ளோ சபாவும் சரவாக்கும் அரை மணி நேரம் முந்தியிருந்தன. 1981-ல் பிரதமரான மகாதீர் முகம்மது நாடு முழுவதும் 8 மணிக்கணக்கே என்று முடிவெடுத்தார். வணிகமும் பயணமும் குழம்பக்கூடாதென்று சிங்கப்பூரும் பின்தொடர்ந்தது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்குக் கடிகாரங்கள் நள்ளிரவைக் காட்டின. அந்த அரை மணி நேரம் இங்கே யாருக்கும் கிடைக்கவில்லை. சிங்கப்பூருக்குக் கிழக்கே இருக்கும் ஜகார்த்தா இன்றும் ஒரு மணி நேரம் பிந்தியிருப்பது, கடிகாரம் யார் பேச்சைக் கேட்கிறது என்பதைக் காட்டும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த நார்வேக்காரர் ஹெல்மர் அஸ்லாக்சன் இந்த வரலாற்றைத் தொகுத்து, சாதாரண வாசகருக்குப் புரியும்படி எழுதியிருக்கிறார்.

கண்ணால் சோதிக்க விரும்புபவருக்கு ஆண்டில் இரண்டு வாய்ப்புகள்: மார்ச் 23-ஐ ஒட்டியும் செப்டம்பர் 19-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மார்ச்சில் அது 1.11 வாக்கில். வானம் தெளிந்திருந்தால் அந்த நிமிடத்தில் சிராங்கூன் சாலை விளக்குக் கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். வீரமாகாளியம்மன் கோவில் வாசலில் நிற்பவரின் நிழல் அவர் காலடியைத் தாண்டாது. கையில் உள்ள கடிகாரம் மட்டும் உச்சிவேளை தாண்டி ஒரு மணி நேரமாயிற்று என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

தேக்காவில் இந்த 65 நிமிடத்துக்கு நடைமுறைப் பலனும் உண்டு. ராகுகாலம் பகலை எட்டாகப் பிரித்துக் கணிப்பது. ஆறு மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்டுதான் திங்கட்கிழமைக்கு 7.30 முதல் 9 வரை என்று அச்சிடுகிறார்கள். சிங்கப்பூரில் 7.05-க்கு உதயமாகும் நாளில் அது 8.35 முதல் 10.05 வரை. சிவகாசியில் அச்சான நாள்காட்டித் தாளை அப்படியே படித்தால் 7.30, இந்திய நேரத்தைச் சிங்கப்பூர் நேரமாக மாற்றிப் படித்தால் 10 மணி. இரண்டுமே இவ்வூர்ச் சூரியனுக்குப் பொருந்தாது. ராகுகாலத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் சிங்கப்பூர்த் தமிழருக்கென்று நாள்காட்டி அச்சிடுபவர்கள், எந்த ஊர் உதயத்தை வைத்துக் கணித்தோம் என்று ஒரு வரி போட்டுவிடலாம்.