வாசல்தோறும் ஒரு வசனம்

1727-இன் தொடக்கத்தில் ஹெர்ன்ஹூட் ஒரு சண்டைக்கார ஊர். ஜெர்மனியின் சாக்சனியில், ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான் கிறிஸ்டியன் டேவிட் என்ற தச்சர் முதல் மரத்தை வெட்டி அங்கே குடியிருப்பைத் தொடங்கிவைத்திருந்தார். குடியேறியவர்களில் பலர் 1415-இல் உயிரோடு எரிக்கப்பட்ட சீர்திருத்தவாதி யான் ஹூஸின் வழிவந்தவர்கள். விசுவாசத்துக்காக மொராவியாவில் வீடுவாசலை விட்டு ஓடிவந்தவர்கள். அப்படி வந்தவர்களும், அவர்களோடு சேர்ந்துகொண்ட மற்றவர்களும் உபதேசத்தின் பெயரால் முகம் பார்த்துப் பேசாத நிலைக்கு வந்துவிட்டார்கள்.

நிலத்துக்குச் சொந்தக்காரர் சின்சென்டார்ஃப் பிரபு. பாட்டியிடம் வளர்ந்தவர், சிறுவனாக இருந்தபோது இயேசுவுக்குக் கடிதம் எழுதி ஜன்னல் வழியே வீசுவாராம். பத்து வயதில் அவரைச் சேர்த்த இடம், நம் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு பயின்ற அதே ஹாலே நகரம். தரங்கம்பாடிச் செய்திகளை அங்கே பேராசிரியர் ஃபிராங்கேயின் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டு வளர்ந்தார். இயேசுவைப் பற்றித் தெரிந்திருப்பது வேறு, அவரோடு பேசிப் பழகுவது வேறு என்பதில் அவருக்குக் கடைசிவரை சந்தேகமே இருந்ததில்லை.

அவர் வீடு வீடாகப் போய்ப் பேசினார். மே மாதம் எல்லாரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று பெர்தல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் நடந்த திருவிருந்தில் பகை கரைந்தது. இரண்டு வாரம் கழித்து 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் 24 மணி நேரத்தையும் ஜெபத்துக்காகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தச் சங்கிலி நூறு ஆண்டுகளுக்கும் மேல் அறுபடவில்லை.

ஆனால் இன்றுவரை நிலைத்த வழக்கம் பிறந்தது அடுத்த ஆண்டில். 1728 மே 3 மாலைக் கூட்டத்தில், மறுநாளைக்கு என்று ஒரு சிறு வாக்கியத்தைச் சின்சென்டார்ஃப் சொல்லியனுப்பினார். அன்றைக்கு ஊரில் மொத்தமே 32 வீடுகள். காலையில் அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டு சகோதரர்கள் கதவு கதவாகத் தட்டினார்கள். சொல்லிவிட்டுத் திரும்புவதோடு வேலை முடிவதில்லை. வீட்டில் இருப்பவர் எப்படி இருக்கிறார், மனம் எப்படி இருக்கிறது என்றும் விசாரிப்பார்கள். நாள்தோறும் தொடர்ந்த இந்த வழக்கத்தின் உயிரே அந்த விசாரிப்பில்தான் இருந்தது. கடவுளோடு உள்ள உறவு தனித்தனி ஆளுக்கு உரியதுதான். ஆனாலும் யாரும் அதில் தனியாக விடப்படவில்லை.

1731-இல் இப்படி நாளுக்கொன்றாக ஓர் ஆண்டுக்கான வசனங்கள் புத்தகமாக வந்தன. அன்று முதல் ஓர் ஆண்டும் தவறவில்லை. பழைய ஏற்பாட்டு வசனங்களை இன்றும் ஹெர்ன்ஹூட்டில் சீட்டுக் குலுக்கியே எடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தைத் தேர்ந்து சேர்க்கிறார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்தச் சிறு புத்தகம் வெளியாகிறது.

ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்ற மறுநாள், 1944 ஜூலை 21 அன்று, பெர்லின் டேகல் சிறையில் இருந்த போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர், நண்பர் பெத்கேவுக்குக் கடிதம் எழுதினார். சதியாளர்களோடு தொடர்பிருந்ததால், தன் கதி என்னவாகும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஹெர்ன்ஹூட் புத்தகத்தில் முந்தைய நாளுக்கும் அன்றைக்கும் இருந்த வசனங்களை வியந்து கடிதத்தில் குறிப்பிட்டார். அன்றைக்கு வந்திருந்தது 23ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

மொராவியர்கள் என்று அழைக்கப்படும் இந்தச் சபையாரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. தேவன் தன்னை எப்படி நடத்திவந்தார் என்பதை ஒவ்வொருவரும் சொந்தச் சொற்களில் எழுதிவைப்பார்; அதை அவருடைய அடக்கத்தின்போது வாசிப்பார்கள். பிறப்பும் பிழைப்பும் அதில் வரும். தேவனைச் சந்தேகித்த காலமும் வரும். பிரபுக்களும் போதகர்களும் மட்டுமல்ல, தச்சர்களும் வேலைக்காரப் பெண்களும் எழுதினார்கள். பென்சில்வேனியாவின் பெத்லகேமில் வாழ்ந்த, அடிமைகளாகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாழ்க்கைக் குறிப்புகளும் அவற்றோடு பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.