தேவநாதன், வி.: அணுக்கரு அமைப்பு ஆராய்ச்சியும் போதனையும்

சென்னைச் சர்வகலாசாலையின் அணுக்கருப் பௌதிகத் துறையில் பேராசிரியராகவும் தலைவராகவும் விளங்கிய வி. தேவநாதன், அணுக்கருவின் உள்ளமைப்பைக் கோண உந்தக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்தவர். ஆராய்ச்சியில் தாம் கைக்கொண்ட அக்கணிதத்தையே மாணாக்கருக்குப் பாடமாகவும் வகுத்தளித்தவர்.

மயிலாப்பூரில் அல்லாடி இராமகிருஷ்ணன் தமது ‘ஏகாம்ர நிவாஸ்’ இல்லத்தில் நடத்திவந்த பௌதிகக் கருத்தரங்கில் பயின்ற இளைஞருள் இவரும் ஒருவர். 1960 ஜனவரியில் அவ்வில்லத்துக்கு விஜயம் செய்த நீல்ஸ் போர், பம்பாயில் தாம் கண்ட பெரிய அணுசக்தி நிலையத்தோடு ஒருசேர வைத்து இச்சிறு குழுவையும் பத்திரிகையாளரிடம் பாராட்டினார். அதனால் நேருவின் கவனம் இப்பக்கம் திரும்ப, 1962 ஜனவரி 3 அன்று சென்னையில் கணித விஞ்ஞான நிலையம் உதயமாயிற்று.

தேவநாதன் ஆராய்ந்த அணுக்கருவுக்கு அமைப்பு என்று ஒன்று உண்டா என மலாக்காவின் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ உள்ள தோட்டத்துப் பள்ளி மாணாக்கர் வினவுவாராயின், அவருக்கு எடுத்துக்காட்ட வேண்டியது அவரைச் சூழ்ந்து நிற்கும் பால்மரம் அன்று, வெள்ளீயமே. சுல்தான்கள் காலத்து மலாக்காவில் நாணயமாக வார்க்கப்பெற்றதும், 1511இல் நகரைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியரும் தம் காசுக்கு எடுத்துக்கொண்டதுமான அவ்வுலோகத்தின் அணுக்கருவில் 50 புரோட்டான்கள் உள்ளன. வேறெந்தத் தனிமத்துக்கும் இல்லாத சிறப்பாக அதற்கு நிலையான ஐசோடோப்புகள் பத்து இருக்க, அதற்கு அடுத்த இடத்திலுள்ள ஆன்டிமனிக்கு இரண்டே உண்டு. 2, 8, 20, 28, 50, 82, 126 என்னும் மாய எண்களில் 50உம் ஒன்று என்பதே இதன் காரணம். துகளின் தற்சுழற்சியும் அதன் சுற்றியக்கமும் வன்மையாகப் பிணைந்துள்ளன என்று கொண்டால் இவ்வெண்களில் கூடுகள் நிறைவுறும் என்பதை மரியா மேயரும் ஹான்ஸ் யென்சனும் 1949இல் தனித்தனியே நிறுவினர்.

கூடு நிறைந்தபின் வந்து சேரும் துகள்களின் கதை இன்னும் சுவையானது. 50 புரோட்டானும் 82 நியூட்ரானும் நிறைந்த வெள்ளீயம்-132இன்மேல் இரண்டு நியூட்ரான்கள் கூடும்போது, ஒவ்வொன்றின் கோண உந்தமும் 7/2 ஆயினும், ஒரேவகைத் துகள்கள் ஒரே நிலையில் ஒன்றாதல் கூடாது என்னும் பௌலியின் நியதியால், அவற்றின் கூட்டு உந்தம் 0, 2, 4, 6 ஆகிய மதிப்புகளை மட்டுமே பெறும். 1, 3, 5, 7 விலக்கப்பட்டவை. வெள்ளீயம்-134இன் தாழ்ந்த ஆற்றல் நிலைகள் இவ்வாறே அமைந்திருக்கக் காண்கிறோம். இலக்கணம் கல்லாதவனுக்குச் செய்யுள் புலப்படாததுபோல, உந்தங்களை இங்ஙனம் கூட்டும் விதிகளையும் அவற்றுக்குரிய குணகங்களையும் கல்லாதவனுக்கு அணுக்கரு புலப்படாது.

தேவநாதனின் ஆராய்ச்சி இவ்விதிகளை அணுக்கரு வினைகளில் செலுத்திப் பார்த்தது. இராமகிருஷ்ணன், ஜி. இராமச்சந்திரன் ஆகியோருடன் சேர்ந்து, ஒளித்துகள் தாக்கிய டியூட்ரானிலிருந்து நடுநிலைப் பையான்கள் பிறப்பதைத் தொடக்கத்தில் கணக்கிட்ட அவர், பின்னர் அணுக்கரு மியூவானைக் கவரும் நிகழ்ச்சியையும் ஆராய்ந்தார். உள்வட்டத்துக்கு இறங்கிய மியூவானை ஒரு புரோட்டான் ஏற்று நியூட்ரானாக மாறி நியூட்ரினோவை வெளியேற்றும் அவ்வினையில், எஞ்சிய கரு எந்நிலையில் நிற்கிறது, அதன் தற்சுழற்சி எத்திசை நோக்கியது என்பன உள்ளமைப்புக்குச் சாட்சியாகின்றன.

சென்னையில் முதுகலை, எம்.ஃபில். மாணாக்கருக்கு அவர் நடத்திய பாடமே வளர்ந்து, ‘குவாண்டம் இயக்கவியலில் கோண உந்த முறைகள்’ என்ற பொருள்படும் ஆங்கில நூலாக 1999இல் குளூவர் பதிப்பகத்தாரால் வெளியிடப்பட்டது. அணுக்கருவோடு அணு, மூலக்கூறு, திண்மப் பௌதிகங்களுக்கும் பயன்படும் இந்நூலைக் கற்கக் குவாண்டம் இயக்கவியலில் ஆரம்ப ஞானம் போதும். பலரையும் மிரட்டி அனுப்பிவிடும் குலக் கோட்பாட்டை அவர் முன்நிபந்தனையாக வைக்கவில்லை.