குரங்கு பெடலும் குட்டை கிராங்கும்
திருவொற்றியூரில் சிறுவர்களான எங்களுக்கு வாய்த்தது அப்பாவின் சைக்கிள்தான். என்ஃபீல்டு ஆலைக்கு அவர் ஷிஃப்டு போய்வந்த ஹெர்குலிஸ். 1949-இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர்த் தயாரிப்பு. பெடலை அச்சோடு இணைக்கும் கிராங்க் ஏறக்குறைய ஆறரை அங்குலம். சீட்டில் உட்கார்ந்தால் பெடல் கீழே போகும்போது கால் எட்டாது. பாருக்கு அடியில் காலை நுழைத்து, முழுச் சுற்று வராமல் அரை அரையாக மிதிப்போம்: குரங்கு பெடல்.

அந்தக் கிராங்கைக் குட்டையாக்கினால் என்ன? லேத்துக்குப் பஞ்சமில்லாத ஊர். கிராங்கில் அச்சுக்குப் பக்கமாக இன்னொரு துளை போட்டு மரை வெட்டினால் மிதி குட்டையாகிவிடும். இடது பெடலுக்கு இடமரை. மரை வெட்டும் சாதாரண டேப் அதற்கு உதவாது. ஆனால் கிராங்க் நடுவில் ஒல்லி. பெடல் மரை அரை அங்குலத்துக்கும் அதிகம். துளைத்தபின் இருபுறமும் என்ன இரும்பு மிஞ்சும்? வேலைக்குப் போகிற வண்டியில் எந்த அப்பா அதற்கு ஒத்துக்கொள்வார்! வாடகைக் கடைக் குட்டி சைக்கிளுக்குக் காசு தேற்றுவதே சுலபம்.