மூன்று ஆண்டுத் தவணை

காரைக்குடியை அடுத்த கோவிலூரில், 19ஆம் நூற்றாண்டு முதல் தமிழிலேயே வேதாந்தம் பயிற்றிவரும் மடம் உண்டு. அதைப் பேணி வளர்த்த நகரத்தார், தொழிலின் பொருட்டுப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்கள். முகவராய்ச் சென்றவருக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணை. கிட்டங்கியில் ஒரு பெட்டகம், ஒரு பாய். பகலில் வணிகமும் இரவில் உறக்கமும் அங்கேயே. அன்றாடம் கணக்கெழுதினர், மகமையென அறத்துக்குப் பங்கு ஒதுக்கினர். ஞாயிறு காணிக்கையோடு கடமை தீர்ந்ததென எண்ணும் நமக்கு இது நாணமளிக்கும் ஒழுங்குதான். ஆனால், மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரிலேயே தங்கினர். அந்தப் பிரிவை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

1930களின் மந்தத்தில் கடன் தீராமல், கீழ்ப்பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு அவர்கள் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது அனைத்தையும் விட்டுப் பலர் ஊர் திரும்பினர். பிள்ளைகள் அதற்குள் வளர்ந்துவிட்டிருந்தனர்.