ஒற்றை ஆளின் குவளை: வேலம்பாளையத்துத் தேநீர்க் கடைகளின் பின்புலம்

திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையை ஒட்டி, பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அனுப்பர்பாளையத்துக்கு அண்மையில் அமைந்த வேலம்பாளையம், 15 வேலம்பாளையம் என்ற பெயரில் தனி நகராட்சியாக இருந்து, 2011இல் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. பனியன் கம்பெனிகளும், அவற்றுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ‘பவர் டேபிள்’ எனப்படும் சிறு தையல் கூடங்களும், தொழிலாளர் வாடகைக்குக் குடியிருக்கும் ‘லைன் வீடு’களும் நெருங்கி நிற்கும் இத்தகைய பகுதியில் தெருவுக்குத் தெரு காணப்படும் சிறு காப்பி, தேநீர்க் கடையைப் பெட்டிக்கடையின் நீட்சியாக மட்டும் கருதுவது பிழை. துணையின்றி வரும் ஒருவர், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்ற விசாரணைக்கு ஆட்படாமல், ஒரு கிளாஸ் டீயின் விலைக்குப் பத்து நிமிடம் நிற்கவோ உட்காரவோ உரிமை பெறும் இடம் கொங்கு நாட்டின் சமூக வரலாற்றில் மிகப் பிந்தியே வாய்த்தது.

தமிழ்நாட்டில் காப்பி பரவிய விதத்தை ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதி, காப்பி நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணர்களின், பண்பாட்டு அடையாளமாகவும், தேநீர் உழைப்பாளிகளின் பானமாகவும் பிரிந்து நின்றதை எடுத்துக்காட்டியுள்ளார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருகிய ‘காப்பி கிளப்’ என்பது பெயரளவிலேயே கிளப்; உண்மையில் அது காப்பியும் பலகாரமும் விற்ற உணவுக் கடை. அவற்றுள் பலவற்றில் பிராமணருக்கெனத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வாசற்படியே எல்லை. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக, ரயில் நிலைய உணவகங்களில் இப்பிரிவினை 1941இல் கைவிடப்பட்டது. கடைப் பலகைகளில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரும் போராட்டம் 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன் நடைபெற்றது.

தேநீரின் கதை வேறு வழியில் வந்தது. உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் தேயிலைக்குச் சந்தை தேட 1903இல் விதிக்கப்பட்ட தேயிலைத் தீர்வையின் நிதியும், 1937இல் அமைந்த இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியத்தின் விளம்பரமும், வீதிகளில் இலவசமாக வழங்கப்பட்ட தேநீரும் அதைப் பாமரரிடம் கொண்டுசேர்த்தன. நீலகிரியும் ஆனைமலையும் அருகிருந்த கொங்குப் பகுதிக்குத் தேயிலை தொலைவுப் பொருள் அன்று. ஆயினும் சிற்றூர்த் தேநீர்க் கடையிலும் சாதி குவளையின் வடிவில் வந்து உட்கார்ந்தது. ‘இரட்டைக் குவளை முறை’ எனப்படும் அவ்வழக்கத்தில், தலித் மக்களுக்கெனத் தனிக் குவளையோ தேங்காய்ச் சிரட்டையோ வைக்கப்படும். குடித்தவரே அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. கடைகளிலும் பொது உணவகங்களிலும் நுழைவதைச் சாதியின் பெயரால் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆம் கூறு சொல்லியும், தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இல் வந்தும், கொங்குச் சிற்றூர்கள் பலவற்றில் இக்கொடுமை பல பத்தாண்டுகள் நீடித்தது. ஒரு மனிதர் தனியாக ஒரு கடைக்குச் சென்று தேநீர் கேட்பது அச்சூழலில் எவ்வளவு பெரிய செயல் என்பதை மறந்துவிட்டு இக்கடைகளின் வரலாற்றை எழுத இயலாது.

இந்நிலையைத் தொழில் ஓரளவு அசைத்தது. சென்னையிலிருந்து போத்தனூர் வரை 1862இல் வந்த ரயில் பாதையால் பருத்திச் சந்தையாக வளர்ந்த திருப்பூரில், முதல் பின்னலாடைக் கூடம் 1925இல் தொடங்கப்பட்டது. 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர் வழியாக ஏற்றுமதி தொடங்கியபின், மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களிலிருந்தும், பின்னர் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தனர். ஊரார் அனைவரும் ஒருவரை ஒருவர் அறிந்த கிராமத்தில்தான் குவளையைப் பிரித்து வைக்க முடியும். நாள்தோறும் புது முகம் வந்து நிற்கும் கம்பெனித் தெருவில், நூற்றுக்கணக்கான கிளாஸ் விற்றால்தான் வாடகை கட்டுப்படியாகும் கடைக்காரர், வருபவரின் பூர்வீகம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. சாதி ஒழிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. வாடகை வீடு தேடும்போது கேட்கப்படும் கேள்வி, டீ வாங்கும்போது கேட்கப்படவில்லை என்பது மட்டுமே பொருள். அதுவும் சிறிய செய்தி அன்று.

கடையின் நேரத்தை வகுத்தது ‘ஷிப்ட்’. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், அதற்கு மேல் நான்கு மணி நேரம் அரை ஷிப்ட் என்று கூலி கணக்கிடப்படுவதால், ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பது பன்னிரண்டு மணி நேர உழைப்பைக் குறிக்கும். இடையில் வரும் தேநீர் வேளை சலுகையாக அன்றி உரிமையாகவே பேசப்பட்டது. பஞ்சப்படி கோரி 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய தொழிலாளரின் ஊர் திருப்பூர். பனியன் தொழிலாளர் சம்பள ஒப்பந்தங்களில் பயணப்படியோடு ‘டீ பேட்டா’, அதாவது தேநீர்ச் செலவுக்கான படி, தனி இனமாக இடம்பெறுவது அதற்குச் சான்று.

பழைய கடையின் மையம் பாய்லர். செம்பாலோ பித்தளையாலோ ஆன உயரமான உருளைக் கலத்தின் நடுவே கரி எரியும் குழாய் செல்லும். அதைச் சுற்றி நீர் கொதிக்கும். கீழே திறப்புக் குழாய் இருக்கும். உள்ளே இடப்பட்ட காசு கொதிநீரில் துள்ளி எழுப்பும் ஒலியே தண்ணீர் காய்ந்ததற்கு அடையாளம். துணிப்பையில் இட்ட தேயிலைத் தூளின் மேல் வெந்நீரை ஊற்றி வடித்த சாயத்தைப் பாலும் சர்க்கரையும் இட்ட கிளாஸில் விட்டு, ஒரு கை மேலே உயர, மறு கை இறங்க, நுரை பொங்க ஆற்றித் தருவது மாஸ்டரின் தேர்ச்சி. இச்செய்முறையின் சிறப்பு, அது ஒரே ஓர் ஆளுக்கென ஒவ்வொரு முறையும் தனியாகச் செய்யப்படுவது. ‘சர்க்கரை கம்மி’, ‘ஸ்ட்ராங்’, ‘லைட்’ என்ற ஒற்றைச் சொற்களில் அடங்கும் அந்த வேண்டுகோளை நான்காம் நாள் சொல்ல வேண்டியதில்லை. லைன் வீட்டில் நான்கு பேரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு வாழும் ஒருவருக்குத் தனக்கென்று கலக்கப்பட்ட பொருள் ஒரு நாளில் இது ஒன்றாகவே இருக்கலாம்.

தனியாள் குடிக்க இடமும் வேண்டும். டோக்கியோவின் உவேனோவில் 1888இல் திறக்கப்பட்ட காஹீசாகன் என்ற காப்பிக் கடைக்குப் பின் பெருகிய ஜப்பானியக் ‘கிஸ்ஸாதென்’ எனும் சிறு காப்பிக் கடைகளில், தனியாக வருபவர் உட்கார நீண்ட மேசை ஒன்று இருக்கும். வேலம்பாளையம் போன்ற பகுதிகளில் அப்பணியைச் செய்தது வாசலில் கிடந்த மரப் பெஞ்சும் நாளிதழும். 1942இல் தொடங்கிய தினத்தந்தியின் எளிய தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் எட்டியது. தாள்கள் தனித்தனியே பிரிக்கப்பட்டுக் கைமாறின. தாளைக் கையில் பிடித்திருப்பவரிடம் எவரும் பேச்சுக் கொடுப்பதில்லை. பேச விரும்பினால் அவர் தாளை மடித்தால் போதும்.

இந்தப் பெஞ்ச் நெடுங்காலம் ஆண்களுடையதாகவே இருந்தது என்பது இவ்வரலாற்றின் பெருங்குறை. பிசிறு வெட்டுதல், செக்கிங், தையல் எனப் பனியன் தொழிலின் பெரும்பகுதியைப் பெண்களே சுமக்கின்றனர். ஆனால் தெருமுனைக் கடையில் தனியாக நின்று டீ குடிக்கும் பெண்ணை இன்றும் அரிதாகவே காண முடிகிறது. உள்ளே மேசை நாற்காலி போட்டு, பப்ஸும் தேங்காய் பன்னும் காப்பியும் விற்கும் பேக்கரிகள் கொங்கு நகரங்களில் பெருகியபின் அந்நிலை சற்றே மாறியது. குழந்தையோடோ தோழியோடோ வந்த பெண்கள் அங்கு உட்காரத் தொடங்கினர், சிலர் தனியாகவும். மற்றவர்களுக்குத் தேநீர் இன்னமும் எவர்சில்வர் கேனில் கம்பெனிக்கே வருகிறது. ஓவர்லாக் மெஷின் நின்ற சில நிமிடங்களில், துணிக் கட்டின் மேல் சாய்ந்தபடி, அடுத்த பெல் அடிப்பதற்குள் அவர்கள் அதைக் குடித்து முடிக்கிறார்கள்.