பாத்திரம் உயிர்பெறும் கதை: 'துல்பா' என்னும் எண்ணத்தின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

1

படைப்பாளி தான் படைத்த பாத்திரத்தின் மீதுள்ள ஆதிக்கத்தை ஒரு கட்டத்தில் இழந்துவிடுகிறான் என்பது நாவலாசிரியர் பலரும் கூறிவந்துள்ள செய்தியாகும். தாம் வகுத்த பாதையிற் பாத்திரம் நடக்க மறுத்தது என்றும், அது பேசியதைத் தாம் எழுதிக்கொண்டது மாத்திரமே உண்மை என்றும் அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேலைநாடுகளில், சிறப்பாக 2010ஆம் ஆண்டுக்குப் பின்னர், இவ்வனுபவம் எழுத்தாளரின் எல்லையைக் கடந்து வாசகரிடமும் பார்வையாளரிடமும் பரவி, 'துல்பா' என்னும் பெயரையும் பெற்றுள்ளது. ஒருவர் தம் மனத்தில் இடைவிடாது உருவகித்துப் பேசிப் பழகிய உருவமொன்று, தனக்கெனச் சித்தமும் குரலும் உடையதாய் அவருடன் வாழத் தொடங்குகிறது என்பதே இதன் பொருள். இதனை முயன்று பயில்வோர் பலர். தாம் அவ்வாறு முயலவில்லை, விருப்பமான கதையொன்றின் பாத்திரத்துடன் மனத்துள் நெடுநாள் உரையாடியதன் விளைவாக ஒரு நாள் அது தானாகவே விடையிறுத்தது என்று கூறுவோரும் உளர்.

இத்தகைய கூற்றை எதிர்கொள்ளும்போது இரண்டு எளிய வழிகள் நம்முன் உள்ளன. ஒன்று, கீழைத்தேய ஞானத்தின் இரகசியம் என வியந்து ஏற்றுக்கொள்வது. மற்றையது, மூடநம்பிக்கை என நகைத்து ஒதுக்குவது. முற்போக்காளராகிய நாம் பெரும்பாலும் இரண்டாவதையே தெரிந்துகொள்கிறோம். ஆயின் இவ்விரு வழிகளும் ஒரு வினாவைக் கேட்கத் தவறிவிடுகின்றன. இவ்வெண்ணம் எங்கு, எக்காலத்தில், எத்தகைய சமூக உறவுகளின் மத்தியில் இன்றைய வடிவைப் பெற்றது? இக்கட்டுரை அவ்வினாவுக்கு விடை காண முயல்கின்றது.

2

முதலிற் சொல்லின் வரலாற்றை நோக்குவோம். திபெத்திய மொழியில் 'துல்பா' என ஒலிக்கும் சொல், நிர்மாணம் அல்லது நிர்மிதம் என்னும் வடமொழிக் கருத்தின் பெயர்ப்பாகும். மறுபிறப்பெடுத்த இலாமாக்களைக் குறிக்கும் 'துல்கு' என்பதும் இதனுடன் உறவுடையது. புத்தரும் உயர்நிலை எய்தியோரும் பிறரது விடுதலையின் பொருட்டு உருவங்களை வெளிப்படுத்துவர் என்பது மகாயான மரபின் கொள்கை. தேரவாத மரபுக்கும் இதையொத்த எண்ணம் அந்நியமானதன்று. பாளி நிகாயத்தைச் சேர்ந்த சாமஞ்ஞபல சுத்தம், தியானத்தில் முதிர்ந்த துறவி மனத்தாலான உடலொன்றைத் தன் உடலிலிருந்து வெளிப்படுத்துவதைப் பற்றிப் பேசுகின்றது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கத்தை எழுதிய புத்தகோசரும் இவ்வாற்றலை விளக்கியுள்ளார்.

இம்மரபில் இரண்டு அம்சங்கள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவதாக, இவ்வாற்றல் நீண்ட ஒழுக்கப் பயிற்சியின் பேறாகவே கூறப்படுகின்றது. தற்செயலாக எவருக்கும் வாய்ப்பதன்று. இரண்டாவதாக, அது தனிமனிதனின் துணைக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ அமைந்ததன்று. தானே தோன்றித் தானே வளர்ந்து, தன்னைத் தோற்றுவித்தவனுடன் நட்போ பகையோ பாராட்டும் உருவத்தை இம்மரபின் மையத்திலே தேடுதல் வீண். அவ்வுருவம் வேறோர் இடத்திலிருந்து வந்தது. சமய வரலாற்றாய்வாளரான நட்டாஷா மிக்கிள்சும் ஜோசப் லேகொக்கும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவுபடுத்தியது. இன்றைய துல்பா திபெத்தைக் காட்டிலும் பிரம்மஞான சபைக்கே பெரிதும் கடன்பட்டுள்ளது என்பது அவர்தம் முடிபு.

3

பிரம்மஞான சபை 1875இல் நியூயோர்க்கில் தோன்றி, 1882இல் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் தலைவர் ஒல்கொட் 1880இல் காலியில் வந்திறங்கியதும், லெட்பீற்றர் 1886இற் கொழும்பில் பின்னர் ஆனந்தாக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலைக்குத் தலைமை தாங்கியதும் நாம் அறிந்தவையே. கிறித்தவ மிஷனரிமாரின் கல்வி ஆதிக்கத்துக்கு எதிராகச் சுதேசிகளுக்கு அவர்கள் அளித்த ஊக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அவர்கள் இங்கிருந்து பெற்றுச் சென்ற பொருள், மேலைநாட்டு மத்தியதர வர்க்கத்தின் தேவைக்கேற்ப உருமாறிச் சென்றது. விஞ்ஞானத்தால் கிறித்தவ நம்பிக்கை தளர்ந்த, ஆயின் பொருள்முதல்வாதத்தை ஏற்க அஞ்சிய ஒரு வர்க்கத்துக்கு, விஞ்ஞானத்தின் மொழியிற் பேசும் மறைஞானம் தேவைப்பட்டது.

அன்னி பெசன்ற் அம்மையாரும் லெட்பீற்றரும் 1905இல் வெளியிட்ட 'எண்ண வடிவங்கள்' என்னும் நூல் இத்தேவையை நிறைவு செய்தது. எண்ணங்கள் நுண்பொருளால் ஆனவை. அவற்றுக்கு நிறமும் வடிவும் உண்டு என அந்நூல் வாதித்தது. இலக்கிய மாணவருக்கு அதில் ஒரு பகுதி தனிக் கவனத்துக்குரியது. நாவலாசிரியன் தன் பாத்திரங்களை மனப்பொருளாற் சமைத்துப் பொம்மைகளைப் போல இயக்குகிறான் என்றும், அவை சிலவேளை அவனுக்கு அடங்காது கதையை வேறு வழியிற் கொண்டு செல்கின்றன என்றும் அந்நூலார் கூறுவர். அதற்கு அவர்கள் தரும் காரணம் யாதெனில், விளையாட்டுக் குணமுடைய இயற்கை ஆவிகள் அப்பொம்மைகளுட் புகுந்துகொள்கின்றன. அல்லது இறந்துபோன வேறொரு நாவலாசிரியன் மறுவுலகிலிருந்து கதையைத் திருத்த முற்படுகின்றான் என்பதாம்.

அனுபவம் உண்மையானது, விளக்கமே தலைகீழானது. பாத்திரம் அடங்க மறுப்பதை எழுத்தாளர் உணர்கின்றனர் என்பதைப் பிற்கால ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன. உளவியலாளர் மார்ஜரி ரெயிலரும் அவரது சகாக்களும் புனைகதை எழுதுவோர் 50 பேரிடம் நடாத்தி, 2003 அளவில் வெளியிட்ட ஆய்வில், 92 சதவீதத்தினர் இவ்வனுபவத்தை ஏதோவோர் அளவிற் குறிப்பிட்டனர். எடின்பரோப் புத்தக விழாவிற் பங்குபற்றிய எழுத்தாளர் 181 பேரைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வில், 63 சதவீதத்தினர் தம் பாத்திரங்களின் குரலைக் கேட்பதாகக் கூறினர். இவர்களைப் பித்தர் என்போமாயின் இலக்கியத்தையே பித்து என்றாக வேண்டும்.

4

எண்ண வடிவத்துக்குத் திபெத்திய ஆடை அணிவித்தவர் அலெக்சாண்ட்ரா டேவிட்-நீல் அம்மையார். 1868இல் பிறந்த இப்பிரெஞ்சுப் பெண்மணி இளமையிலேயே பிரம்மஞான சபையிற் சேர்ந்தவர். இசைநாடகப் பாடகியாக வாழ்ந்தவர். 1911இல் இலங்கை வழியாக இந்தியா வந்து, சிக்கிமிலும் திபெத்திலும் பல்லாண்டு தங்கி, அந்நியர் நுழையத் தடைசெய்யப்பட்டிருந்த இலாசா நகரை 1924இல் மாறுவேடத்தில் அடைந்தவர். அவரது துணிவும் மொழியறிவும் ஐயத்துக்கிடமற்றவை. 1929இற் பிரெஞ்சில் வெளிவந்த திபெத்திய மறைஞானிகள் பற்றிய நூலிலேயே அந்தப் புகழ்பெற்ற நிகழ்ச்சி இடம்பெறுகின்றது.

குட்டையான, பருத்த, கள்ளமற்ற, களிப்பு மிக்க பிக்கு ஒருவரை அவர் தியானத்தால் உருவாக்கினார். சில மாதங்களில் அவ்வுருவம் தெளிவடைந்தது. பின்னர் அவர் பரிவாரத்துடன் பயணம் மேற்கொண்டபோது, அது அழைக்காமலே தோன்றவும் நடமாடவும் தலைப்பட்டது. நாளடைவில் அதன் உடல் மெலிந்தது. முகத்தில் ஏளனமும் வன்மமும் குடிகொண்டன. வெண்ணெய் கொண்டுவந்த இடையன் ஒருவன் கூடாரத்தில் அதனைக் கண்டு உயிருள்ள இலாமா எனக் கருதினானாம். அதனைக் கலைத்தொழிக்க ஆறு மாதக் கடும் முயற்சி தேவைப்பட்டது என்கிறார் அவர். தாம் கண்டது தமது மனமயக்கமாக இருத்தல் கூடும் என்பதை அவரே ஒப்புக்கொள்வது அவரது நேர்மைக்குச் சான்று. பிறரும் அதனைக் காண்பதே வியப்புக்குரியது என்பது அவர் வாதம்.

அவ்வாதம் முழுவதும் அந்த இடையனின் தோளிலேயே சுமத்தப்பட்டுள்ளது. அவனுக்கு நூலிற் பெயரில்லை. அவன் கண்டது என்ன என்பதை அவனது வாய்மொழியாக நாம் அறியவும் வழியில்லை. பிக்குகள் மலிந்த நாட்டில், கூடாரமொன்றில் ஒரு பிக்குவைக் கண்டதாக எண்ணியமை அத்துணைப் பெரிய அற்புதமா என்ற வினாவும் எழுப்பப்படவில்லை. கீழைத்தேயம் பற்றிய ஐரோப்பியரின் எழுத்திற் சுதேசி எப்போதும் சாட்சியாகவே வருகின்றான். சாட்சியம் மாத்திரம் பிறர் நாவினால் உரைக்கப்படுகின்றது. ஏவலுக்கெனப் படைக்கப்பட்ட களிப்பான உருவம் எசமானியை ஏளனத்துடன் நோக்கத் தொடங்குவதாக அமைந்த கதை, ஆசியாவெங்கும் ஏவலர் தலைநிமிர்ந்து கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே நோக்குதல் தகும்.

5

1972இற் கனடாவின் ரொறன்ரோ நகரில் எண்மர் கொண்ட குழுவொன்று மேற்கொண்ட பரிசோதனை, புனைகதைப் பாத்திரத்தை இவ்வரலாற்றின் மையத்துக்குக் கொண்டுவந்தது. ஐரிஸ் ஓவன் அம்மையார் முன்னின்று நடாத்திய இக்குழு, பிலிப் என்னும் பாத்திரத்தை வேண்டுமென்றே கற்பனை செய்தது. அவன் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரபு; நாடோடிப் பெண்ணொருத்தியைக் காதலித்தவன்; மனைவியின் சூழ்ச்சியால் அவள் சூனியக்காரியென எரிக்கப்பட, தன்னுயிரை மாய்த்துக்கொண்டவன். ஏறத்தாழ ஓராண்டு தியானித்தும் பிலிப் வரவில்லை. பின்னர் பாட்டும் பகிடியுமாக மேசையைச் சூழ்ந்து அமர்ந்தபோது மேசையில் தட்டொலி கேட்டது. ஆம் என்பதற்கு ஒரு தட்டு, இல்லை என்பதற்கு இரண்டு. மேசை அசையவும் செய்தது.

பிலிப் குழுவினர் அறிந்தவற்றையே அறிந்திருந்தான். உறுப்பினர் ஒருவர், 'நாங்கள் உன்னைக் கற்பனையாகத்தான் உண்டாக்கினோம்' என்று கூறியவுடன் ஒலி நின்றுபோனதாகவும், மீண்டும் நம்பத் தொடங்கிய பின்னரே திரும்பி வந்ததாகவும் கூறப்படுகின்றது. மேசை அசைவதன் மருமத்தை மைக்கேல் பரடே 1853ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்திருந்தார். சுற்றியிருப்போரின் கைகள், அவர்களே உணராவண்ணம் மேசையைத் தள்ளுகின்றன என்பதை அவர் எளிய கருவியொன்றாற் காட்டினார். பிலிப்பின் மேசையையும் இவ்வழியில் விளங்கிக்கொள்ளலாம். எண்மரும் உழைத்தனர், உழைப்பு எவருக்கும் தெரியவில்லை, விளைவு மாத்திரம் வேறொருவனின் செயலாகத் தோன்றியது.

'மூலதனம்' நூலின் முதற்பாகத்தைக் (1867) கற்றோர்க்கு இம்மேசை புதியதன்று. பண்டத்தின் மருமத்தை விளக்கப் புகுந்த மார்க்ஸ், மரத்தாற் செய்த சாதாரண மேசையையே எடுத்துக்கொள்கின்றார். சந்தைக்கு வந்ததும் அது தானே ஆடும் மேசையினும் விந்தையானதாகிவிடுகின்றது என எள்ளலுடன் எழுதும் அவர், இதற்கு ஒப்புமை தேடிச் சமய உலகுக்குச் செல்கின்றார். அங்கு மனித மூளையின் விளைபொருள்கள் சொந்த உயிர் பெற்றவையாய் மனிதருடன் உறவாடுகின்றன; சந்தையிலோ மனிதக் கையின் விளைபொருள்கள் அவ்வாறு செய்கின்றன. மனிதரின் கூட்டுழைப்பு மறைக்கப்படும் இடத்தில் அவ்வுழைப்பின் பயன் சுயமான சீவன்போலத் தோன்றும் என்பதே இதன் சாரம்.

6

நமது காலத்துத் துல்பாவில் மூளையின் விளைபொருளும் சந்தையின் விளைபொருளும் ஒன்றாகிவிட்டன. 2010ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இப்பயிற்சி பரவியபோது, பலரும் துணையாகத் தெரிந்துகொண்டவை 2010இல் ஆரம்பமான 'மை லிட்டில் போனி' என்னும் அமெரிக்கச் சித்திரத் தொடரின் குதிரைக்குட்டிப் பாத்திரங்களே. 1980களில் ஹாஸ்ப்றோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த விளையாட்டுப் பொம்மைகள் அவற்றின் மூலம். ஓர் இளைஞன் தன் அகத்தின் ஆழத்தில் உரையாடும் உற்ற துணையின் முகம், இன்னொருவரின் பதிவுசெய்யப்பட்ட சொத்தாக இருக்கும் விசித்திர நிலை இது. நாட்டார் கதையில் வரும் குட்டிச்சாத்தானுக்கு உரிமையாளர் எவருமில்லை.

ஆயினும் இத்துடன் நம் தீர்ப்பை முடித்துக்கொள்வது நேர்மையாகாது. இவ்விளைஞரிடையே ஆய்வு நிகழ்த்திய மனிதவியலாளர் சாமுவேல் வெய்சியேர், அவர்களிற் பெரும்பாலார் நகர்ப்புற மத்தியதரக் குடும்பத்தினர் எனவும், தனிமையும் பிறருடன் பழகுவதில் உள்ள அச்சமுமே அவர்களை இதன்பால் ஈர்த்தன எனவும் எழுதியுள்ளார். அவர்களிற் பலர் துணை கிடைத்தபின் ஆறுதலடைந்ததாகவும் கூறியுள்ளனர். சமயத்தைப் பற்றி 1844இல் மார்க்ஸ் எழுதியவற்றில் அபின் என்ற ஒரு சொல்லை மாத்திரம் நாம் நினைவில் வைத்துள்ளோம். ஒடுக்கப்பட்டவரின் துயரக் குரலும் அதுவே என அவர் அதேயிடத்திற் கூறியதை மறந்துவிடுகிறோம். பேசுவதற்கு மனிதர் கிடைக்காமல் ஒருவன் பாத்திரத்துடன் பேசுவானாயின், வினவப்பட வேண்டியது அவன் மனநிலை மட்டுமன்று, பேச்சுத்துணையை அவனிடமிருந்து பறித்த சமூக அமைப்புமாகும்.

7

இறுதியாக, இலக்கிய விமர்சகராகிய நமக்கு இதிலுள்ள பாடம் யாது? பாத்திரம் ஆசிரியனை மீறுவதை ஆவிகளின் செயல் எனக் கூறாத மரபொன்று நம்மிடமும் உண்டு. மார்கரெட் ஹார்க்னஸ் அம்மையாருக்கு 1888 ஏப்ரிலில் எழுதிய கடிதத்தில் ஏங்கல்ஸ், பால்சாக்கை எடுத்துக்காட்டினார். பால்சாக் அரசியலில் முடியாட்சியின் பக்கம் நின்றவர். அவர் அனுதாபம் வீழ்ச்சியுறும் பிரபுக்கள் மீதிருந்தது. எனினும் அவர் எள்ளி நகையாடியது அப்பிரபுக்களையே. மனந்திறந்து போற்றியது தம் அரசியல் எதிரிகளாகிய குடியரசு வீரரையே. தம் வர்க்கச் சார்புக்கு மாறாக எழுத அவர் நிர்ப்பந்திக்கப்பட்டதை யதார்த்தவாதத்தின் வெற்றி என ஏங்கல்ஸ் மதித்தார். அங்கு ஆசிரியனை எதிர்த்துப் பேசியது ஆவியன்று. பாத்திரத்தின் வாயிலாக வரலாறே பேசியது.

ஆகவே பாத்திரத்தின் சுதந்திரம் இருவகைப்படும். சமூக உறவுகளை ஆழ்ந்து அவதானித்ததன் பேறாக, ஆசிரியனின் விருப்பத்தை உண்மை திருத்தும்போது தோன்றுவது ஒன்று. சமூக உறவுகள் அற்றுப்போன வெற்றிடத்தில், அவற்றுக்கு ஈடாகத் தோன்றுவது மற்றையது. முன்னது நம்மைப் பிறரிடம் இட்டுச் செல்கின்றது. பின்னது பிறர் இல்லாக் குறையை ஆற்றுகின்றது. நமது முற்போக்கு எழுத்திற் பாத்திரங்களை ஆசிரியரின் கருத்துக்கு ஊதுகுழலாக்கி, அவை மாறிப் பேச வாயெடுத்தால் அதனைத் தவறெனத் திருத்திய சந்தர்ப்பங்களும் உண்டு. அவ்வாறு செய்தபோது யதார்த்தவாதத்தின் வெற்றிக்கு நாமே வாயிலடைத்தோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். வாசகர் பாத்திரங்களுடன் கொள்ளும் உறவு நம் ஆய்வுலகில் இன்னும் போதிய கவனத்தைப் பெறவில்லை. யார், எத்தகைய தனிமையில், எந்தப் பாத்திரத்துடன் பேசுகின்றனர் என்பதை இரக்கத்துடனும் விஞ்ஞான நோக்குடனும் கேட்டறிவது அவ்வாய்வின் முதற்படியாகும்.